கன்ட்ரோலரோடு ஒட்டாத பேஸ் ஸ்டேஷன்: பாயான் லெப்பாஸ் சோதனைக்கூடத்தில் நடந்த ஒரு கோளாறின் முழு ஆய்வு

முதலில் அறிகுறி. பேஸ் ஸ்டேஷன் பெட்டி, அதாவது போன்களோடு அலையில் பேசும் கருவி, ஓடுகிறது. கேபிள் செருகிய இடத்தில் பச்சை விளக்கு மினுக்குகிறது. அந்தப் பெட்டியை ஆட்டுவிக்கும் நிரலான கன்ட்ரோலர் இருக்கும் சர்வருக்கு பிங் (சோதனைப் பாக்கெட்) போகிறது, 3002 போர்ட் திறக்கிறது, கன்ட்ரோலர் திரையில் 'இணைந்தது' என்று வருகிறது. சில விநாடியில் 'துண்டிக்கப்பட்டது'. மறுபடி இணைகிறது, மறுபடி துண்டிக்கிறது, விடிய விடிய இதே கதை. பக்கத்தில் ஒரு போனை வைத்துத் தேடவிட்டால் அதில் நெட்வொர்க்கே தெரியாது. பெட்டி செத்துக்கிடந்தால் மாற்றிவிட்டுப் போய்விடலாம். பாதி உயிரோடு இருப்பதுதான் ஆளைச் சுற்றவிடும்.

இடம் பினாங்குத் தீவு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. 1972ல் தொடங்கிய பேட்டை, இன்றைக்கும் எங்கள் ஆட்கள் பிறை, பட்டர்வொர்த் பக்கமிருந்து பாலம் கடந்து பஸ்ஸில் வந்து ஷிப்ட் பார்க்கும் இடம். அங்கே ஒரு தொழிற்சாலையில் (பெயர் எதற்கு) வாகன டிராக்கர், கார்டு தேய்க்கும் பெட்டி மாதிரி சிம் போட்டு ஓடும் சாதனங்களுக்கான போர்டுகள் தயாராகின்றன. மலேசியாவில் 3ஜி சேவையை 2021 முடிவோடு நிறுத்தினார்கள், 2ஜியை அப்போது நிறுத்தவில்லை. அதனால் 4ஜி சிக்னல் கிடைக்காத மூலையில் இந்தச் சாதனங்கள் நேராக 2ஜிக்குத்தான் இறங்கும். எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் நிற்கும் லாரியின் எஸ்ஓஎஸ் பொத்தானை ஒருவர் அழுத்தும்போது போர்டு 2ஜியில் பதிவாகி, டேட்டா அனுப்பி, குரலையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்த மூன்றையும் சோதித்த பிறகே ஒவ்வொரு போர்டும் அட்டைப்பெட்டிக்குள் போகிறது.

சோதனைக்கென்று ஒரு குட்டி 2ஜி நெட்வொர்க் வைத்திருக்கிறார்கள். அலை வெளியே கசியாத ஷீல்டு ரூம், அதற்குள் ஒரு மென்பொருள் ரேடியோ, அதை ஓட்டும் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி, அதில் ஆஸ்மோகாம் என்ற திறந்தமூல மொபைல் நெட்வொர்க் திட்டத்தின் பிடிஎஸ் (பேஸ் ஸ்டேஷன்) மென்பொருள். நெட்வொர்க் எண் 001-01, சோதனைக்கென்றே உலகம் முழுக்க ஒதுக்கப்பட்டது. மலேசியாவின் சொந்த 502 அங்கே கிடையாது. ஷீல்டு ரூமுக்கு வெளியே இந்த அலை ஒரு சொட்டுகூட வரக்கூடாது, 1998ஆம் ஆண்டின் தகவல் தொடர்பு பல்லூடகச் சட்டப்படி அனுமதியில்லாமல் அந்த அலைவரிசையைத் தொடுவது குற்றம். அந்த விஷயத்தில் இவர்கள் கண்டிப்பானவர்கள், எனக்கு அது பிடித்திருந்தது.

கன்ட்ரோலர், சுவிட்ச், சந்தாதாரர் பட்டியல், குரல் கடத்தும் நிரல், டேட்டா பக்கம் எல்லாம் அதே அலமாரியில் ஒரு சர்வரில் இருந்தன. வருடக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடின. அப்புறம் நிர்வாகம் சர்வர்களையெல்லாம் பத்து காவான் தொழிற்சாலைக்கு மாற்றியது, அதாவது 2014ல் திறந்த இரண்டாவது பாலத்துக்கு அந்தப் பக்கம். சர்வரில் இருந்த நிரல்கள் டாக்கர் கன்டெய்னர்களாக (ஒவ்வொரு நிரலையும் தனி உறைக்குள் ஓட்டும் முறை) போயின, இரண்டு இடத்துக்கும் நடுவே விபிஎன் என்ற மறைவான இணைப்புச் சுரங்கம். பேஸ் ஸ்டேஷன் மட்டும் பாயான் லெப்பாஸிலேயே இருந்தது. அதன் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் கன்ட்ரோலரின் முகவரியைப் பழைய 192.168.50.10லிருந்து புதிய 10.20.8.15க்கு மாற்றினார்கள். அன்று இரவிலிருந்துதான் மேலே சொன்ன கூத்து.

இதில் எனக்கு மனசு கேட்காத விஷயம் ஒன்று. சோதனை நெட்வொர்க் காற்றில் இல்லையென்றால் போர்டு பதிவாகாது, பதிவாகவில்லையென்றால் டெஸ்டர் அதற்குச் சிவப்பு ஸ்டிக்கர் அடித்துவிடும். நல்ல போர்டு, கெட்ட போர்டு என்கிற பேச்சே இல்லை. லைனைப் பார்த்துக்கொள்ளும் அக்கா என்னைக் கண்டதும் சிவப்புத் தட்டைக் காட்டி, "தம்பி, இதெல்லாம் கெட்டுப்போன போர்டு இல்லலா. முந்தாநாள் வரைக்கும் இதே மாடல் சுத்தமா போச்சு. டெஸ்ட்டுதான் கோளாறு, எங்க கை வேலை இல்ல" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. ஆனால் கணினியில் பதிவாகியிருந்தது அந்த ஷிப்டின் தரம் குறைந்துவிட்டது என்று.

ஆளாளுக்குப் பார்த்தது

ஐடி பிரிவுத் தம்பி கெட்டிக்காரர். பத்து காவான் பக்கத்தில் லாக்கையும் பாக்கெட்டையும் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: "அண்ணே, எங்க பக்கம் எல்லாம் ஓகே. கனெக்ஷன் வருது, கன்ட்ரோலர் பேசுது, அப்புறம் உங்க பெட்டிதான் தானா கட் பண்ணுது." சோதனைக்கூடத்து ஆட்களோ, பெட்டியில் எதையும் மாற்றவில்லை, ஒரு முகவரியைத் தவிர, அதுவும் சரியாகத்தான் இருக்கிறது, ஆகவே கன்ட்ரோலர்தான் துண்டிக்கிறது என்றார்கள். விபிஎன் மேல் பழி, கேபிள் மேல் பழி, ரேடியோ சூடாகிவிட்டது என்றுகூட ஒரு கட்சி. எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்து பார்த்தாகிவிட்டது.

இரண்டு தரப்பும் பார்த்ததைத்தான் சொன்னார்கள், யாரும் பொய் சொல்லவில்லை. துண்டித்தது பேஸ் ஸ்டேஷன்தான். டிசிபி இணைப்பை மூடும் பாக்கெட் அந்தப் பக்கத்திலிருந்துதான் கிளம்பியது. ஆனால் அது ஏன் மூடியது என்பதற்கான சாட்சி பத்து காவானில் கிடைக்காது. அங்கே வந்து சேராத பாக்கெட்டில்தான் விஷயமே இருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று, பேஸ் ஸ்டேஷன் கன்ட்ரோலரோடு 'இணைவது' என்றால் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஒரே ஒரு இணைப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிடையாது.

முதல் இணைப்பு ஓஎம்எல், பராமரிப்புக்கானது. பேஸ் ஸ்டேஷன் தன் கான்ஃபிக் கோப்பில் இருக்கும் முகவரிக்கு டிசிபி 3002ல் போகிறது. கன்ட்ரோலர் உடனே 'நீ யார்' என்று கேட்கும். பெட்டி தன் யூனிட் எண்ணைச் சொல்லும், இங்கே அது 1801/0/0. கன்ட்ரோலர் ஆளை அடையாளம் காண்பது இந்த எண்ணை வைத்துத்தான், எந்த ஐபி முகவரியிலிருந்து வருகிறது என்பது அதற்குப் பொருட்டில்லை. எண் பட்டியலில் இருந்தால் பேச்சு தொடரும், இல்லையென்றால் கன்ட்ரோலர் அங்கேயே இணைப்பை மூடிவிடும். தொடர்ந்தால் அலைவரிசை எண், செல்லின் அடையாளம், எந்த டைம்ஸ்லாட்டில் எந்த வகைச் சேனல் என்று ஒவ்வொன்றாகக் கன்ட்ரோலர் அனுப்பும். பேஸ் ஸ்டேஷனுக்கென்று சொந்தப் புத்தி ரொம்பக் குறைவு, எல்லாம் மேலிருந்து வருவதுதான். 2ஜியை வடிவமைத்ததே அப்படி.

அதன் பிறகுதான் இரண்டாவது இணைப்பு, ஆர்எஸ்எல். போனைக் கூப்பிடுவது, சேனல் ஒதுக்குவது எல்லாம் இதன் வழியாகத்தான். முக்கியமாக, செல் காற்றில் ஒலிபரப்ப வேண்டிய சிஸ்டம் இன்ஃபர்மேஷன் இதில்தான் வந்து சேர்கிறது. ஆகவே ஆர்எஸ்எல் இல்லையென்றால் ஓஎம்எல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் போனுக்கு நெட்வொர்க் தெரியாது. இந்த ஆர்எஸ்எல் எந்த முகவரிக்குப் போக வேண்டும்? அது பேஸ் ஸ்டேஷனின் கான்ஃபிக் கோப்பில் இருக்காது. ஓஎம்எல் வழியாகக் கன்ட்ரோலர் ஒரு செய்தி அனுப்பும்: 'இந்த ஐபிக்கு, 3003 போர்ட்டுக்கு, ஆர்எஸ்எல் கட்டு.' பெட்டி அதை அப்படியே நம்பிப் போகும். செய்தியில் முகவரி இல்லையென்றால் மட்டும் ஓஎம்எல்லுக்குப் போன அதே முகவரிக்கே போகும்.

என்னைக் கேட்டால் இந்தக் கோளாறின் சாரமே இதுதான். பெட்டிக்கு நாம் எழுதிக்கொடுக்கும் முகவரி முதல் அடிக்கு மட்டும்தான். அடுத்த ஒவ்வொரு முகவரியும் முந்தைய பேச்சுக்குள்ளேயே வருகிறது. யார் அதைச் சொன்னது, எந்தக் கோப்பிலிருந்து எடுத்துச் சொன்னது என்று கேட்காதவரை கோளாறு கையில் சிக்காது.

இது இந்தத் திட்டத்துக்காரர்கள் தாமாகக் கண்டுபிடித்த வினோதம் இல்லை. 2008ல் ஓப்பன்பிஎஸ்சி என்ற பெயரில் வேலை தொடங்கியபோது ஐபி.ஆக்செஸ் நிறுவனத்தின் நானோபிடிஎஸ் என்ற குட்டிப் பெட்டியோடும் பேச வேண்டியிருந்தது, அந்தப் பெட்டி பேசிய நெறிமுறையையே இவர்களும் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே ஓடும் செய்திகள் மொபைல் தர அமைப்பான 3ஜிபிபியின் பழைய ஏபிஸ் (பேஸ் ஸ்டேஷனுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவேயான) செய்திகள்தான். ஓஎம்எல்லுக்கு அவர்களின் 52.021 ஆவணம், ஆர்எஸ்எல்லுக்கு 48.058. அவற்றின் தலையில் மூன்று பைட் உறை: இரண்டு பைட்டில் நீளம், ஒரு பைட்டில் இது எந்த வகைப் பேச்சு என்பது. 255 என்றால் ஓஎம்எல், 254 என்றால் அறிமுகமும் நலம் விசாரிப்பும், 0 என்றால் ஆர்எஸ்எல். பாக்கெட்டைப் படிக்கும் நிரலான வயர்ஷார்க் இதையெல்லாம் பிரித்துப் படித்துக் காட்டிவிடும். ஓரளவு பழகினால் கண்ணாலேயே படிக்கலாம்.

பாக்கெட்டில் தெரிந்தது

பேஸ் ஸ்டேஷன் பெட்டிக்குள்ளேயே, போகும் வரும் பாக்கெட்டுகளைப் பதிவெடுக்கும் டிசிபிடம்ப் நிரலை ஓடவிட்டோம். இதில் இரண்டு நிபந்தனை. ஒன்று, பெட்டியில்தான் ஓட வேண்டும், ஃபயர்வாலில் அல்ல. இரண்டு, கன்ட்ரோலரின் முகவரியைப் போட்டு வடிகட்டக்கூடாது. ஐடி பக்கம் எடுத்த பதிவில் 10.20.8.15 என்று வடிகட்டி எடுத்திருந்தார்கள். நியாயமான செயல்தான், ஆனால் அதனாலேயே சாட்சி வெளியே நின்றுவிட்டது.

பதிவில் வந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 3002க்குக் கைகுலுக்கல் ஆனது. கன்ட்ரோலர் அடையாளம் கேட்டது, பெட்டி 1801/0/0 என்றது, ஒப்புதல் வந்தது. பெட்டி தன் மென்பொருள் தயார் என்றது. கன்ட்ரோலர் செல்லின் அமைப்புகளை வரிசையாக அனுப்பியது, ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் போனது. எல்லாம் மில்லி விநாடிக் கணக்கில், மழமழவென்று. பிறகு 'ஆர்எஸ்எல் கட்டு' செய்தி. அதைப் பிரித்தால் உள்ளே போர்ட் 3003, முகவரி 192.168.50.10.

பழைய சர்வர். அலமாரியில் அதன் இடம் இப்போது காலி.

அடுத்த வரியிலேயே பெட்டி கூவ ஆரம்பித்தது: 'யாருக்கு 192.168.50.10, எனக்குச் சொல்.' ஏஆர்பி கேள்வி, அந்த ஐபிக்குரிய கணினி எது என்று அதே நெட்வொர்க்கில் கேட்பது. ஒரு விநாடி கழித்து மறுபடி, இன்னொரு விநாடி கழித்து மறுபடி. பதில் சொல்ல ஆளில்லை. லினக்ஸ் வழக்கமாக மூன்று முறை கேட்டுவிட்டு 'அங்கே போக வழியில்லை' என்று நிரலிடம் சொல்லிவிடும். ஆர்எஸ்எல் கிடைக்காத பிடிஎஸ் நிரல், சிக்னலிங் இணைப்பு விழுந்தது என்று எழுதிவிட்டுத் தன்னையே நிறுத்திக்கொள்ளும். அது நின்றதும் ஓஎம்எல் இணைப்பும் மூடும். லினக்ஸில் நிரல்களை மேற்பார்க்கும் சிஸ்டம்டி உடனே நிரலைத் திரும்ப எழுப்பும். மறுபடி 3002. பத்து விநாடிக்குள் ஒரு சுற்று.

அந்த ஏஆர்பி கேள்வி பாயான் லெப்பாஸின் சுவிட்சைத் தாண்டி எங்கும் போகாது. ஒரே சப்நெட்டுக்குள் (உள்ளூர் நெட்வொர்க் வட்டத்துக்குள்) இருக்கும் முகவரி என்பதால் வெளியே போகும் வாசலான கேட்வேக்குக்கூடப் போகாது, விபிஎன்னுக்குள் நுழையவே நுழையாது. பத்து காவானில் உட்கார்ந்து எத்தனை நாள் பார்த்தாலும் தெரிவது இவ்வளவுதான்: பெட்டி வந்தது, நன்றாகப் பேசியது, திடீரென்று போய்விட்டது. புது வீட்டு வாசலில் வரவேற்று, 'உள்ளே வர இந்தச் சாவி' என்று பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்து அனுப்பிய மாதிரி.

சரி, கன்ட்ரோலர் ஏன் பழைய முகவரியைச் சொன்னது? அதன் கான்ஃபிக்கில் அந்த பிடிஎஸ்ஸின் கீழே ஆர்எஸ்எல்-ஐபி என்று ஒரு வரி இருந்தது. பழைய சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு, ஒன்று ஆபீஸ் பக்கம், ஒன்று சோதனைக்கூடம் பக்கம். சோதனைக்கூடம் பக்கத்து முகவரியை யாரோ வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதிய காலத்தில் அது சரியான வரி. சர்வர் மாறும்போது கான்ஃபிக் கோப்பு அப்படியே புதுக் கன்டெய்னருக்குள் நகலாகிப் போனது. பேஸ் ஸ்டேஷன் பெட்டியில் பழைய முகவரி எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று சோதனைக்கூடத்தார் அலசியிருந்தார்கள், கிடைக்கவில்லை, கிடைக்கவும் கிடைக்காது. அது அங்கே இல்லையே.

அந்த வரியையே எடுத்துவிட்டோம். புது முகவரியை அங்கே எழுதலாம்தான், ஆனால் எடுத்துவிடுவது மேல் என்பது என் கட்சி: ஓஎம்எல் போன இடத்துக்கே ஆர்எஸ்எல்லும் போகட்டும், அடுத்த முறை சர்வர் மாறினால் மாற்ற வேண்டிய இடம் ஒன்று குறையும்.

தாளம் மாறியது

மாற்றிய பிறகும் செல் வரவில்லை. அங்கிருந்தவர்களுக்கு முகம் தொங்கிவிட்டது, 'அதே கோளாறு' என்றார்கள். அதே கோளாறு இல்லை. முன்பு பத்து விநாடிக்குள் விழுந்து எழுந்த பெட்டி இப்போது இரண்டு நிமிடத்துக்கும் மேல் நின்ற பிறகுதான் விழுந்தது. இந்தத் தாள மாற்றத்தைக் கவனிப்பது எந்த லாக்கைவிடவும் பெரிய உதவி.

லினக்ஸில் ஒரு டிசிபி இணைப்பைத் திறக்க முயலும்போது மறுமுனையிலிருந்து ஒரு பதிலும் வராவிட்டால் முதல் பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும். 1 விநாடி, பிறகு 2, 4, 8, 16, 32 என்று இடைவெளி இரட்டித்துக்கொண்டே போகும். வழக்கமான அமைப்பில் ஆறு மறுமுயற்சி, கடைசிக் காத்திருப்பு 64 விநாடி, எல்லாம் கூட்டினால் 127. ஆக, 127 விநாடிக்கு ஒட்டி விழுந்தால் யாரோ நடுவில் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறார்கள். உடனுக்குடன் விழுந்தால் மறுமுனையில் கணினி இருக்கிறது, அந்தப் போர்ட்டில் நிரல் இல்லை, 'வேண்டாம்' என்று பதில் வருகிறது. மூன்று விநாடி சுமாருக்கு விழுந்தால் அதே சப்நெட்டில் அப்படியொரு முகவரியே இல்லை. மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் 'இணையவில்லை'. உள்ளே மூன்றும் வேறு வேறு ஊர்.

பதிவைப் பார்த்தோம். 10.20.8.15ன் 3003க்கு பாக்கெட் போகிறது, 1, 2, 4, 8 என்று இடைவெளி விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது, பதில் இல்லை. விபிஎன் முனையில் இருந்த ஃபயர்வால். சோதனைக்கூடத்திலிருந்து ஐடிக்குப் போன படிவத்தில் 3002 மட்டும்தான் எழுதியிருந்தது. ஏன்? படிவம் எழுதியவர் பெட்டியின் கான்ஃபிக்கையும் கன்ட்ரோலர் திரையில் தெரிந்ததையும் பார்த்து எழுதினார், 3003 என்ற எண் அங்கே எங்கும் வராது. ஐடி தம்பி கேட்டதைக் கேட்டபடி திறந்துகொடுத்தார். 3003 திறந்த அடுத்த சுற்றிலேயே ஆர்எஸ்எல் ஏறியது, கன்ட்ரோலர் சிஸ்டம் இன்ஃபர்மேஷனை அனுப்பியது, ஷீல்டு ரூமுக்குள் இருந்த போன் 001-01ஐப் பிடித்தது.

நான் அங்கே போனை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பவில்லை, காரணம் முதலில் சொன்ன அந்த மூன்று சோதனை. பதிவு தேறியது. டேட்டாவும் குரலும் மிச்சம்.

டேட்டா ஓடவில்லை. இதற்குப் புதிதாகத் தோண்ட வேண்டியிருக்கவில்லை, ஆர்எஸ்எல்-ஐபி வரியைக் கண்ட கையோடு கன்ட்ரோலர் கோப்பு முழுவதிலும் 192.168.50 என்று தேடியிருந்தோம், ஜிபிஆர்எஸ் (2ஜி டேட்டா) பகுதியில் இன்னொன்று கிடைத்திருந்தது. டேட்டாவைக் கையாளும் எஸ்ஜிஎஸ்என் நிரலின் முகவரி, யுடிபி 23000. இதுவும் கன்ட்ரோலர் ஓஎம்எல் வழியாகப் பேஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லி, பேஸ் ஸ்டேஷன் தன்னோடு ஓடி டேட்டாவைப் பார்த்துக்கொள்ளும் பிசியு நிரலுக்குச் சொல்லி, பிறகுதான் அது கிளம்பும். எஸ்ஜிஎஸ்என் ஓடும் முகவரியை இதில் காலியாக விட முடியாது, எழுதித்தான் ஆக வேண்டும். புது முகவரி எழுதினோம், ஃபயர்வாலில் 23000ம் சேர்ந்தது, டேட்டா வந்தது.

குரல்தான் வேறு மாதிரி. அழைப்பு போகிறது, மணி அடிக்கிறது, எடுக்க முடிகிறது, உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இதில் கான்ஃபிக் கோப்பில் பழைய முகவரி எதுவும் கிடையாது. ஒவ்வொரு அழைப்பிலும் குரலை எந்த முகவரிக்கு, எந்தப் போர்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது ஆர்எஸ்எல் வழியாக அந்த நேரத்தில் வருகிறது. குரல் கடத்தும் நிரல் தன் முகவரியைக் கன்ட்ரோலரிடம் சொல்லும், கன்ட்ரோலர் பேஸ் ஸ்டேஷனிடம் சொல்லும். பதிவில் பார்த்தால் பெட்டி குரல் பாக்கெட்டுகளை 172.17.0.4க்கு அனுப்பிக்கொண்டிருந்தது. டாக்கரை அறிந்தவர்களுக்கு அந்த 172.17 உடனே கண்ணில் குத்தும், டாக்கர் தன் உள்வீட்டுக்கு வழக்கமாக வைத்துக்கொள்ளும் எண் வரிசை. கன்டெய்னருக்குள் இருக்கும் நிரலுக்குத் தன் வெளி முகவரி தெரியாது, உள்ளே தெரிந்ததைச் சொல்லிவிட்டது. 3002, 3003 மாதிரி வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்புக்குப் போர்ட்டை மட்டும் திருப்பிவிட்டால் வேலை நடக்கும். தன் முகவரியைச் செய்திக்குள் எழுதி அனுப்பும் நிரலுக்கு அது போதாது. அந்தக் கன்டெய்னரை சர்வரின் நெட்வொர்க்கிலேயே நேராக ஓடவிட்டு, குரலுக்கான யுடிபி போர்ட் வரிசையையும் ஃபயர்வாலில் திறந்த பிறகு, எஸ்ஓஎஸ் பொத்தானை அழுத்தியதும் குரல் இரண்டு பக்கமும் போனது.

இதே மாதிரி தெரிந்து வேறாக இருக்கக்கூடியவை

யூனிட் எண் பொருந்தாமல் இருந்தாலும் பெட்டி இணைந்து இணைந்து விழும். ஆனால் அப்போது இணைப்பை மூடுவது கன்ட்ரோலர், அடையாளம் சொன்ன அடுத்த நொடியே. யார் முதலில் மூடினார் என்று பார்த்தால் பிரித்துவிடலாம். எங்கள் பதிவில் ஒப்புதல் வந்து, பிறகு வெகுநேரம் பேச்சும் நடந்ததால் இதை முதலிலேயே தள்ளிவிட்டோம்.

ரேடியோ பக்கம் கடிகாரத் துடிப்பு வராவிட்டாலும் பிடிஎஸ் நிரல் தன்னை நிறுத்திக்கொள்ளும், சிஸ்டம்டி எழுப்பும், வெளியே அதே ஆட்டம். அப்போது லாக்கில் டிரான்ஸீவரிலிருந்து கடிகாரம் வரவில்லை என்று எழுதியிருக்கும், நெட்வொர்க்கைத் தோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். கடிகாரத்தின் துல்லியம் என்பது தனி விஷயம், சாதாரணப் பேஸ் ஸ்டேஷனுக்கு 2ஜி கேட்பது 0.05 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.05 பங்கு), 900 மெகாஹெர்ட்ஸில் 45 ஹெர்ட்ஸ்தான் இடம். அது கெட்டால் கன்ட்ரோலர் இணைப்பு கெடாது, எல்லாம் பச்சையாக இருந்தும் போன் பிடிக்காமல் அடம் பிடிக்கும்.

விபிஎன் என்றதும் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) மேல் சந்தேகம் வருவது நியாயம். சுரங்கத்தின் உறைகள் ஏறிய பிறகு 1500 பைட் பாக்கெட் உள்ளே நுழையாது, 'சிறிதாக்கு' என்று திரும்பி வரும் ஐசிஎம்பியையும் யாராவது அடைத்துவைத்திருந்தால் பெரிய பாக்கெட் மட்டும் மாயமாகும், சின்ன பிங் அழகாகப் போகும். துண்டாக்காதே என்ற கொடியோடு 1472 பைட் பிங் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நாங்களும் பார்த்தோம், அது நுழையவில்லை, குறைத்தால் நுழைந்தது. ஆனால் ஓஎம்எல் செய்திகள் பெரும்பாலும் சின்னவை, பதிவில் எதுவும் மறுபடி அனுப்பப்படவும் இல்லை. ஆகவே இருக்கும் குறைதான், இந்தக் கோளாறுக்குக் காரணம் இல்லை. கண்ணில் பட்ட முதல் குறையையே காரணமாக்கிவிடும் அவசரம் எங்கள் தொழிலில் நிறைய நேரத்தைத் தின்கிறது.

4ஜி, 5ஜி ஆட்கள் 'எங்களுக்குத்தான் கன்ட்ரோலரே இல்லையே' என்று இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். 4ஜி பேஸ் ஸ்டேஷன், பதிவையும் சிக்னலிங்கையும் கவனிக்கும் எம்எம்இயை எஸ்சிடிபி 36412ல் பிடிக்கிறது, அது பச்சை. ஆனால் டேட்டாவைக் கொண்டுபோக வேண்டிய எஸ்ஜிடபிள்யூவின் முகவரி அந்தச் சிக்னலிங் செய்திக்குள்தான் வருகிறது, போக வேண்டியது யுடிபி 2152க்கு. போன் பதிவாகி, பட்டை முழுசாக இருந்து, ஒரு பக்கமும் திறக்காமல் சுற்றிக்கொண்டிருந்தால் அந்தச் செய்தியைப் பிரித்து முகவரியைப் பாருங்கள். கன்டெய்னரில் ஓடும் கோர் (நடு நெட்வொர்க்) என்றால் இன்னும் அதிகமாகப் பாருங்கள்.

இப்போது இருக்கும் நிலை. கண்காணிப்பு நிரல் முன்பு 3002 திறக்கிறதா என்று மட்டும் பார்த்தது, அதனால்தான் அந்த ஆட்டம் முழுக்க அது பச்சையாகவே இருந்தது. இப்போது கன்ட்ரோலரின் 4242 போர்ட்டில் கேட்டு, ஓஎம்எல், ஆர்எஸ்எல் இரண்டும் எவ்வளவு நேரமாக நிற்கின்றன என்று பார்க்கிறது. ஐடிக்குப் போகும் படிவத்தில் நான்கு வகை இணைப்பும், எதை எந்தப் பக்கம் தொடங்குகிறது என்பதும் எழுதியாகிவிட்டது.

சிவப்புத் தட்டில் இருந்த போர்டுகளைத் திரும்பச் சோதிக்கச் சொன்னேன், அதற்கு நிர்வாகம் உடனே ஒத்துக்கொண்டது. அந்த ஷிப்டின் தரக் கணக்கைத் திருத்தவும் கேட்டிருக்கிறேன், அக்காவும் தன் சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன்: டெஸ்டர் ஒவ்வொரு முறை சிவப்பு அடிப்பதற்கு முன்பும், நல்லது என்று உறுதியாகத் தெரிந்த கோல்டன் யூனிட் ஒன்று அதே நேரத்தில் நெட்வொர்க்கில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் லைன் நிற்கட்டும், போர்டு மேல் ஸ்டிக்கர் விழக்கூடாது. டெஸ்டர் மென்பொருள் எழுதும் குழு அதைச் செய்துகொண்டிருக்கிறது. இரண்டாவது லைனுக்கு 1802 என்ற எண்ணோடு இன்னொரு பேஸ் ஸ்டேஷன் வரப்போகிறது, அதை ஏற்றுவதற்குள் இது முடிந்தாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.